நன்றிக்கும் ஓர் எல்லை

இன்றைய சிந்தனை

1949 நவம்பர் 25. அரசியல் சாசனம் நிறைவேற ஒரு நாளே பாக்கி. அரசியல் நிர்ணய சபையில் விவாதத்துக்குப் பதில் சொல்ல அம்பேத்கர் எழுந்தார். வரைவுக் குழுவில் இருந்த ஏழு பேரில் ஒருவர் விலகினார், ஒருவர் காலமானார், ஒருவர் அமெரிக்கா போய்விட்டார், கடைசியில் பாரமெல்லாம் அம்பேத்கர் தலையில்தான் விழுந்தது என்று டி.டி. கிருஷ்ணமாச்சாரி அதே சபையில் முந்தைய ஆண்டே சொல்லியிருந்தார். ஆகவே அன்று புகழ்மாலைக்குக் குறைவில்லை.

வந்த மாலைகளை அவர் பிரித்துக் கொடுத்துவிட்டார். முதல் வரைவைத் தயாரித்த பி.என். ராவுக்கு ஒரு பங்கு. சிக்கலான கருத்தையும் தெளிந்த சட்ட வாசகமாக்கிய எஸ்.என். முகர்ஜிக்குப் பெரும் பங்கு. அதோடு நிற்கவில்லை. விடாமல் திருத்தம் கொண்டுவந்து, வரிக்கு வரி மல்லுக்கட்டிய காமத், கே.டி. ஷா, குன்ஸ்ரு போன்றவர்களையும் பெயர் சொல்லிப் பாராட்டினார். சபைக்கு வந்த திருத்தங்கள் 7,635. அவற்றில் முன்மொழியப்பட்டவை 2,473. கட்சிக் கட்டுப்பாடு என்று எல்லோரும் வாய்மூடி இருந்திருந்தால் சபை வெறும் ஆமாம் சாமிகளின் கூட்டமாகியிருக்கும் என்பது அவர் கருத்து.

அதே உரையில்தான் ஓர் எச்சரிக்கையும் வந்தது. சமயத்தில் பக்தி ஆன்ம விடுதலைக்கு வழியாகலாம். அரசியலிலோ அது வீழ்ச்சிக்கும் சர்வாதிகாரத்துக்கும்தான் கொண்டுபோய் விடும். வேறெந்த நாட்டைவிடவும் நம் அரசியலில் பக்தி அதிகம் என்பதையும் மறைக்காமல் சொன்னார். நாட்டுக்கு உழைத்தவருக்கு நன்றி காட்டுவது தவறில்லை, ஆனால் அந்த நன்றிக்கும் ஓர் எல்லை வேண்டும் என்றார்.

தலைவரின் பேராசையைப் பற்றி எச்சரித்தவர்கள் பலர். தொண்டரின் நல்ல குணமே ஆபத்தாகலாம் என்று சொன்னவர்கள் சிலரே. செய்ந்நன்றி அறிதலுக்குக் குறளில் ஓர் அதிகாரமே உண்டு. அதைப் பெரிய அறமாகப் போற்றி வளர்ந்தவர்கள் நாம். அதனால்தான் ரேஷன் அரிசியும் முதியோர் உதவித்தொகையும் ஒரு தலைவர் மனமிரங்கிக் கொடுத்ததாகவே நமக்குத் தோன்றுகிறது. அது நம் வரிப்பணம். கடன்பட்டவராக நம்மை நினைத்துக்கொண்ட பிறகு கேள்வி கேட்க நாக்கு எழாது. கேட்பவரைக் கண்டால் நன்றி கெட்டவர் என்று கோபம்தான் வரும்.

அடுத்த கிராம சபையில் வரவு செலவு வாசிக்கும்போது யாராவது எழுந்து, “அந்தத் தொகைக்கு விவரம் சொல்லுங்க” என்றால், அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைக்காதீர்கள். சாசனம் எழுதியவர் அப்படிப்பட்டவர்களுக்குத்தான் சபையறிய நன்றி சொன்னார்.