மூதாதையர் மனையும் விற்கும் உரிமையும்

ஒருவன் தன் பாட்டன் கட்டிய மாளிகையை விற்பது அறமாகுமா? சட்டத்தில் இவ்வினாவுக்கு இடமில்லை. உறுதி அவன் பெயரில் இருக்குமாயின், நொத்தாரிசு முன்னிலையில் கையெழுத்திட்டதும் காரியம் முடிந்துவிடும். ஆயினும் விற்றவனைப் பற்றி உறவினர் பேசும் தொனியில், வெறும் கொடுக்கல் வாங்கலுக்கு உரியதல்லாத ஒரு குற்றச்சாட்டு ஒலிப்பதை நாம் யாவரும் கேட்டிருக்கிறோம். மோட்டார் வாகனத்தையோ கம்பனிப் பங்குகளையோ விற்றவனை எவரும் அவ்வாறு பேசுவதில்லை. இக்குற்றச்சாட்டுக்கு நியாயமான அடிப்படை உண்டா என்பதே இக்கட்டுரை ஆராய முற்படுவது.

இவ்வினாவை எழுப்புதற்குக் கொழும்பை விடப் பொருத்தமான நகரம் இலங்கையில் இல்லை. விக்ரோறியா மகாராணியின் ஆட்சிக்காலத்தின் முற்பகுதியில் இந்நகரின் செல்வர் வாழ்ந்த திசை வடக்கேயாகும். கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், மட்டக்குளி ஆகிய இடங்களில், கடலையும் களனி கங்கையையும் நோக்கிய மாளிகைகள் நிமிர்ந்து நின்றன. சேர் றிச்சேட் மோகனுக்கு உரியதாயிருந்த ‘விஸ்ற் பங்களா’ அவற்றுள் ஒன்று. ஜேர்மானிய உயிரியல் அறிஞர் ஏணஸ்ற் ஹெக்கல் 1881இல் இலங்கைக்கு வந்தபோது அங்கேயே தங்கினார். 1875இல் துறைமுக அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அதன்பின் கப்பல்கள் பெருகின. நிலக்கரித் தூசியும் பெருகியது. செல்வர் தெற்கே கறுவாத்தோட்டத்துக்குப் பெயர்ந்தனர். ஒல்லாந்தர் கறுவா பயிரிட்ட நிலத்தில், ஆங்கிலத் தேசாதிபதிகளின் பெயர் தாங்கிய நிழல் மரச் சாலைகள் தோன்றின. வாட் பிளேசில் சேர் பொன்னம்பலம் இராமநாதனின் ‘சுகஸ்தான்’ இருந்தது. ஹோட்டன் பிளேசில் அவர் தம்பியார் அருணாசலத்தின் ‘பொன்கிளார்’ இருந்தது. ஆகவே ‘பரம்பரை மனை’ என்று இன்று நாம் கண்ணீர் மல்கப் பேசும் கறுவாத்தோட்டத்து மாளிகைகள் பல, வேறொரு பரம்பரை மனையைக் கைவிட்டு வந்தவர்களால் எழுப்பப்பட்டவையே. இதனை நம்மவர் எளிதில் மறந்துவிடுகின்றனர்.

கைவிடப்பட்ட வடபுறத்து வளவுகளுக்கு என்ன நேர்ந்தது? வீடுகள் அறை அறையாகப் பிரிக்கப்பட்டன. சுற்றியிருந்த நிலத்தில் வரிசைக் குடியிருப்புகள் எழுந்தன. துறைமுகத் தொழிலாளரும் நகரசுத்தித் தொழிலாளரும் அவற்றிற் குடியேறினர். செல்வர் உலாவிய காலத்திலும் அவ்விடத்தின் பெயர் ‘தோட்டம்’. பத்துக் குடும்பங்களுக்கு ஒரு தண்ணீர்க் குழாய் என்றான பின்னரும் அதன் பெயர் ‘தோட்டம்’ அல்லது ‘வத்தை’. ஒருகொடவத்தையில் வாழ்பவர்க்கு இச்சொல்லின் இரு முகங்களையும் விளக்க வேண்டியதில்லை.

விற்பனையால் நன்மையே விளைந்த சந்தர்ப்பங்களும் உள. சாள்ஸ் ஹென்றி டி சொய்சா 1870இல் எடின்பரோக் கோமகன் அல்பிரட் இளவரசருக்கு விருந்தளித்த ‘அல்பிரட் ஹவுஸ்’ கொள்ளுப்பிட்டியில் இன்று இல்லை. வீதிப் பெயர்களில் மாத்திரம் எஞ்சியுள்ளது. ஆனால் அவர் மைந்தர் ஒருவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய ‘றெஜினா வளவு’ கைமாறி, 1921இல் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரியின் இல்லமாயிற்று. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் ‘கொலிஜ் ஹவுஸ்’ அதுவே. அக்குடும்பம் முன்னோர் பெருமையைக் காக்கவென்று அதனை விற்க மறுத்திருந்தால், இழந்தவர் யார்? ‘மனையை விற்பது பாவம்’ என்னும் பொது விதி இங்கு வலுவிழந்துவிடுகிறது.

இனி, எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு வலிமையோடு எடுத்துக்கொள்வோம். ஆங்கிலக் கலை விமரிசகர் ஜோன் றஸ்கின் 1849இல் வெளியிட்ட கட்டடக்கலை பற்றிய நூலில், பழங் கட்டடங்கள் இன்று வாழ்வோர்க்கு உரியன அல்ல, கட்டியவர்க்கும் இனிப் பிறப்போர்க்குமே உரியன என வாதித்தார். நம்மவரோ இக்கருத்தை அவருக்கு நெடுநாள் முன்னரே வழக்கமாகக் கொண்டிருந்தனர். 1707இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமை, முன்னோர்வழி வந்த முதுசத்தையும் மண வாழ்விற் சம்பாதித்த தேடியதேட்டத்தையும் வேறுபடுத்துகிறது. காணி விற்க விரும்புவோன் முதலிற் பங்காளிக்கும் உரித்தாளிக்கும் அறிவித்தல் வேண்டும். 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இம்முன்வாங்கும் உரிமையை ஒழுங்குபடுத்தியது. இவ்வழமை விற்பனையைத் தடுக்கவில்லை என்பது ஈண்டு நோக்கற்பாலது. மறைவாக விற்பதையே அது தடுத்தது. சுற்றத்தார் கேட்கும் உரிமையுடையவர். ஆனால் வாங்குவதற்குரிய விலையைத் தாமே கொடுத்தல் வேண்டும். பணமும் தராது, விற்கவும் விடாது, ‘அப்புவின் வீடல்லவா’ என்று புலம்புவோர்க்குத் தேசவழமை எந்த ஆறுதலும் அளிக்கவில்லை. அதன் நுண்ணறிவு போற்றுதற்குரியது.

ஆயின் வடமாகாணத்துக் காணிக்குரிய அவ்வுரிமை கொழும்பு மாளிகைக்கு இல்லை. இங்கு ரோமன் ஒல்லாந்துச் சட்டம் ஆளுகிறது. அச்சட்டப்படி, எந்தப் பங்காளியையும் கூட்டுரிமையில் நிரந்தரமாகக் கட்டிவைத்தல் இயலாது. ஏழு பிள்ளைகளுள் ஒருவர் வழக்கிட்டாலும் போதும். பிரிக்கவியலாத மனையை விற்றுப் பணத்தைப் பங்கிடுமாறு நீதிமன்றம் கட்டளையிடலாம். சகோதரர்கள் கலந்து பேசாமையால் இவ்வழியே அழிந்த வீடுகளுக்காகவே நான் வருந்துகிறேன். அங்கு விற்றவன் என்று ஒருவனைச் சுட்டவும் இயலாது.

மற்றொரு வகை விற்பனையைக் குறிப்பிடாது செல்லுதல் முறையன்று. 1983 யூலையில் கொழும்புத் தமிழரின் வீடுகள் தீக்கிரையாக்கப்பட்டன. அதன்பின் வெள்ளவத்தையிலும் பிற இடங்களிலும் பலர் வீடுகளை விற்றுவிட்டுக் கப்பலிலும் விமானத்திலும் வெளியேறினர். அச்சத்தால் விற்றவன்மீது பழியில்லை; கேள்வி வாங்கியவனுக்கே உரியது. உரிய விலையிற் பாதிக்கும் குறைவாக விற்கப்பட்ட பொருளின் விற்பனையைச் செல்லாததாக்கும் கோட்பாடொன்று ரோமன் ஒல்லாந்துச் சட்டத்திலேயே உண்டு. சட்டம் விலையை அளந்தது, அச்சத்தை அளக்கவில்லை. அயலவனின் நடுக்கத்தைத் தன் இலாபமாக்கியவன், சந்தை விலையையே கொடுத்திருப்பினும், நேர்மையாக வாங்கினான் எனக் கூறுதல் அரிது. அந்நாளின் சந்தையே நடுக்கத்தால் உருவானது.

இவ்வாறு நோக்குங்கால், மாளிகைக்கு உரிமை கோருவோர் பட்டியலில் நாம் எப்பொழுதும் விட்டுவிடுவோர் எஞ்சுகின்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெருமனைகளை எழுப்பிய செல்வம் சாராயக் குத்தகையிலும் காரீயச் சுரங்கத்திலும் கோப்பி, தென்னைத் தோட்டங்களிலும் பிறந்தது. மலைநாட்டிற் காடழித்துக் கோப்பி நட்ட தமிழ்த் தொழிலாளரின் பேரர்கள், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராயினர். தலைமுறை தலைமுறையாக அவர்கள் வாழ்ந்த லயன் அறை அவர்களுக்கு முதுசமுமன்று, தேடியதேட்டமுமன்று, தோட்டத்துக்குரியது. பரம்பரை மனையை விற்க நேர்ந்ததே என்று வருந்துவதற்கும் ஓர் உறுதி வேண்டியிருக்கிறது.

1973ஆம் ஆண்டின் வீட்டுச் சொத்து உச்சவரம்புச் சட்டம் இத்திசையில் ஓரடி எடுத்து வைத்தது. வரம்புக்கு மேற்பட்ட வீடுகள் அரசுடைமையாயின. வாடகைக்கிருந்தோர் சிலர் அவற்றுக்கு உரிமையாளராகும் வழி பிறந்தது. நீண்டகாலம் வாழ்தலே ஓர் உரிமையைத் தரும் என்னும் எண்ணம் அங்கு தலைகாட்டிற்று. ஆனால் மாளிகையின் பின்கட்டில் நாற்பதாண்டு சமைத்தவளும் படலையைக் காத்தவனும் வாடகைக் குடியினரல்லர். வீடு விலைபோகும் நாளில் அவர்கள் கையில் சம்பளப் பாக்கியும் ஒரு பெட்டியுமே இருக்கும். சுவரில் தொங்கும் பாட்டனின் படம் எவர் பங்கு என்று மூத்தவரும் இளையவரும் வாதாடும்போது, அவர்கள் எங்கே போவார்கள் என்பதை முதலிற் கேட்கக் கடமைப்பட்டவர் விற்பவரே. வாங்குபவரின் உறுதியில் அவ்வினாவுக்கு ஒரு வரியும் இராது. அது எழுதப்படுமுன்னரே கேட்கப்படல் வேண்டும்.