பூட்டிய கடைக்குச் சம்பளம் உண்டா?

வேலை செய்யாதவனுக்குக் கூலி கொடுப்பது நியாயமா என்று கேட்டால், கடை நடத்தும் நம்மில் பெரும்பாலோர் யோசியாமலே "இல்லை" என்று சொல்லிவிடுவோம். பெட்டியடியில் உட்கார்ந்து பழகியவர்களின் வாயில் அந்தப் பதில்தான் முதலில் வரும். ஆனால் அமெரிக்காவில் சர்க்கார் ஊழியர்களைக் குறித்து எழுந்திருக்கும் ஒரு தர்க்கத்தைக் கவனித்தால், அந்தப் பதில் அவ்வளவு இலேசானதன்று என்பது விளங்கும். ஆள் வைத்து வேலை வாங்கும் சகோதரர்கள் சிந்திக்க வேண்டிய விஷயமாதலால் அதை இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

அமெரிக்கச் சர்க்காரின் கணக்காண்டு அக்டோபர் முதல் தேதியில் தொடங்குகிறது. அதற்குள் செலவுக்குரிய பணத்தைக் காங்கிரஸ் சபைகள் ஒதுக்கிக் கொடுக்க வேண்டும். ஜனாதிபதி கையெழுத்திட வேண்டும். கட்சிகள் பிணங்கித் தேதி கடந்துவிட்டால், ஒதுக்காத பணத்தைச் செலவிடலாகாது என்ற பழைய சட்டம் குறுக்கே நிற்கும். முன்பெல்லாம் தேதி கடந்தாலும் அலுவலகங்கள் பெரும்பாலும் நடந்துகொண்டுதான் இருந்தன. 1980ஆம் ஆண்டில் அட்டர்னி ஜெனரலாயிருந்த பெஞ்சமின் சிவிலெட்டி, பணம் இல்லையேல் வேலையை நிறுத்தியே ஆக வேண்டும் என்று அச்சட்டத்துக்குப் பொருள் சொன்னார். அதன் பிறகு கதவடைப்பு ஒரு வழக்கமாகிவிட்டது. 2018 டிசம்பர் 22 முதல் 2019 ஜனவரி 25 வரை 35 நாள் அடைப்பு; 2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை 43 நாள் அடைப்பு.

அடைப்புக் காலத்தில் ஊழியர்கள் இரண்டு வகையாகப் பிரிக்கப்படுகிறார்கள். விமானங்களுக்கு வழிகாட்டுவோர், எல்லைக் காவலர் போன்றோர் சம்பளமின்றியே வேலைக்கு வர வேண்டும். மற்றவர்கள் வீட்டில் இருக்கும்படி உத்தரவிடப்படுகிறார்கள். 2018–19 அடைப்பில் பாதிக்கப்பட்ட சுமார் 8 லட்சம் பேரில் ஏறக்குறைய 3,80,000 பேர் இந்த இரண்டாம் வகையினர். வேலை செய்தவருக்குச் சம்பளம் உண்டென்பதில் வாதமில்லை. வீட்டிலிருந்தவருக்கு உண்டா என்பதே கேள்வி.

முன்பு ஒவ்வோர் அடைப்பின் முடிவிலும் தனிச் சட்டம் போட்டு அவர்களுக்கும் பாக்கிச் சம்பளத்தைக் கொடுத்துவந்தார்கள். 2019 ஜனவரியில், இனி எப்போது அடைப்பு வந்தாலும் இரு வகையினருக்கும் பாக்கி உண்டென்று நிரந்தரமாகவே ஒரு சட்டம் வந்தது. அப்படியிருந்தும் 2025 அக்டோபரில், வீட்டிலிருந்தவர்களுக்குப் பணம் தானாக வந்துவிடாது, காங்கிரஸ் தனியே ஒதுக்கினால்தான் உண்டு என்ற வாதம் வெள்ளை மாளிகையிலிருந்தே கிளம்பியது. நவம்பரில் அடைப்பை முடித்த சட்டம் பாக்கியைக் கொடுக்கச் சொல்லிற்று. ஆயினும் வாதம் எழுந்தது எழுந்ததுதான்.

கொடுக்கலாகாது என்பவர்களின் பேச்சை நாம் ஒதுக்கித் தள்ளுவதற்கில்லை. வரி கட்டுகிறவன் கொடுத்த பணத்துக்கு வேலை நடக்கவில்லை. மழையால் கடை திறவாத பழக்காரனுக்கு அன்றைய வரவை யாரும் கொண்டுவந்து கொடுப்பதில்லை. பாக்கி நிச்சயமென்று தெரிந்தால் தலைவர்கள் கவலையில்லாமல் சண்டை போடுவார்கள் என்றும் சொல்லுகிறார்கள்.

இதை நமக்குத் தெரிந்த கணக்கில் வைத்துப் பார்ப்போம். இரண்டு கூட்டாளிகள் சேர்ந்து ஒரு ஜவுளிக்கடை வைத்திருக்கிறார்கள். இருவருக்கும் மனத்தாங்கல் ஏற்பட்டுக் கடையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். சிப்பந்திகள் வந்து நின்றால், "வீட்டுக்குப் போங்கள், ஆனால் கூப்பிட்டால் வந்துவிட வேண்டும்" என்று கட்டளை. ஒரு மாதம் கழித்துக் கூட்டாளிகள் சமாதானமாகிக் கடையைத் திறக்கிறார்கள். "நீங்கள் ஒரு மாதம் துணி கிழிக்கவில்லையே, சம்பளம் எதற்கு?" என்று அவர்கள் கேட்டால் அது நாணயமா? பூட்டியது யார்? பழக்காரன் கடைக்கும் மழைக்கும் தானே பொறுப்பாளி. சிப்பந்தி பிறர் வைத்திருக்கும் சாவிக்குப் பொறுப்பாளியல்லன்.

அமெரிக்க ஊழியனின் நிலை இதைவிட இறுக்கமானது. "சம்பளம் பிறகு பார்ப்போம், நான் சும்மாவே வந்து வேலை செய்கிறேன்" என்று அவன் சொன்னாலும் சட்டம் இடங்கொடாது. உயிருக்கும் உடைமைக்கும் ஆபத்து நேரும் வேளை தவிர, இலவச உழைப்பைச் சர்க்கார் ஏற்கலாகாது என்று அதே பழைய சட்டம் தடுக்கிறது. அவன் உழைப்பை மறுக்கவில்லை; உழைப்புத்தான் அவனுக்கு மறுக்கப்பட்டது.

கூலியைப் பற்றிய இந்தப் பாகுபாடு நம் கிதாபுகளுக்குப் புதிதன்று. உதுமானியப் பேரரசில் 1869 முதல் 1876 வரை வெளியிடப்பட்டு, பின்னர் 1913இல் ஜொகூரிலும் மலாயில் பெயர்க்கப்பட்ட மஜல்லா என்னும் சட்டத் தொகுப்பில் இது காணப்படுகிறது. ஒருவருக்கென்றே அமர்த்தப்பட்ட பணியாள், அதாவது அஜீர் காஸ், குறித்த காலத்தில் வேலைக்கு ஆயத்தமாயிருந்தால் கூலிக்கு உரியவனாகிறான். வேலை உண்மையில் நடந்திருக்க வேண்டுமென்பது நிபந்தனையன்று. ஆனால் வேலை செய்யமாட்டேன் என்று மறுத்தால் அந்த உரிமை அவனுக்கில்லை. அவனுடைய நேரம் முதலாளிக்கு விற்கப்பட்ட சரக்கு. வாங்கியவர் அதைப் பயன்படுத்தாமல் கெடவிட்டால் விலை தள்ளுபடியாகுமா?

நஷ்டம் நஷ்டந்தான், அதை நாம் மறைக்கவில்லை. 2025 அடைப்பில் நாளொன்றுக்குச் சுமார் 7,50,000 பேர் வீட்டில் இருத்தப்படுவார்கள் என்றும், அவர்களுக்குரிய சம்பளமும் படிகளும் தினம் சுமார் 40 கோடி டாலர் ஆகுமென்றும் காங்கிரஸின் வரவுசெலவு அலுவலகம் மதிப்பிட்டது. இது வேலை வாங்காமல் கொடுக்கும் பணமே. எனினும் இது பூட்டியதன் செலவேயன்றி ஊழியனுக்குக் கொடுத்த தர்மமன்று. சண்டையிட்ட சபை அங்கத்தினர்களின் சம்பளமோ அடைப்புக் காலத்திலும் நிற்பதில்லை. ஊழியன் பட்டினி கிடந்தால்தான் தலைவர்கள் சமாதானமாவார்கள் என்பது, கூட்டாளிகளின் வழக்குக்குச் சிப்பந்தியின் சோற்றுப் பானையைப் பிணையாக வைப்பதாகும்.

உறுதியளிப்பதில் இன்னொரு நன்மையுண்டு. மளிகைக்காரனுக்கு அது உடனே புரியும். 2019 அடைப்பில் இரண்டு சம்பளத் தேதிகள் வெறுமையாகக் கடந்தன. சம்பளம் நிச்சயம் வருமென்றால் கடைக்காரன் பற்று எழுதுவான், வீட்டுக்காரன் வாடகைக்குப் பொறுப்பான். வருமோ வராதோ என்றால் இருவரும் கையை மூடிக்கொள்வார்கள்.

ஆனால் இந்த நியாயத்தை ஒப்புக்கொண்டவர்கள் அத்துடன் நின்றுவிட முடியாது. அதே அலுவலகங்களில் தரை துடைப்பவர், வாசற் காவலர், உணவுச்சாலையில் பரிமாறுபவர் ஆகியோரில் பலர் குத்தகைக்காரர் மூலம் வருகிறவர்கள். அதே பூட்டுத்தான் அவர்களையும் வெளியே நிறுத்திற்று. 2019ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களைத் தொடவில்லை. அவர்களுக்கும் கொடுக்க வேண்டுமென்று அவ்வாண்டில் எடுத்த முயற்சி சட்டமாகவில்லை. அவர்கள் சர்க்காரின் ஆட்கள் அல்லர் என்பது காகிதத்தில் சரி. பூட்டியவரே கொடுக்க வேண்டும் என்பது நம் நியாயமானால், குறைந்த கூலிக்காரனிடம் வரும்போது மட்டும் அது வேறாகிவிடுமா? அமெரிக்கர்கள் தீர்க்காமல் வைத்திருக்கும் பாக்கி இதுவே என்பது நம் அபிப்பிராயம்.

எல்லா அடைப்பும் ஒன்றல்ல. 2020இல் நோய்த்தொற்றுக்காகக் கடைகள் மூடப்பட்டபோது சாவி முதலாளியிடமும் இல்லை, சிப்பந்தியிடமும் இல்லை. அந்த நஷ்டத்தை இருவரும் பேசிப் பகிர்ந்துகொள்வது முறை. ஆனால் கூட்டாளிகளின் வழக்காலோ, கடையைப் புதுப்பிப்பதாலோ, முதலாளி ஊருக்குப் போய்வருவதாலோ நாமே கதவைச் சாத்தினால், அந்த நாட்களின் சம்பளம் நம் செலவுக் கணக்கில் எழுதப்பட வேண்டியது. சிப்பந்தி வந்து கேட்கட்டுமென்று காத்திராமல், ஆளைச் சேர்க்கும் அன்றே இதைப் பேசி எழுதிக்கொள்ளும்படி சகோதரர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.