மௌனத்திற்கும் பாரணை உண்டு

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:



சென்ற மார்கழியில், ராஜபாளையத்தினின்று ஆண்டாள் ஸந்நிதிக்கு வந்த அன்பர் ஒருவர் அடியேனிடம் ஓர் ஐயம் கேட்டார். "ஸ்வாமி, பத்து நாள் மௌனத் தியான முகாமில் இருந்து வந்தேன். அங்கே மனம் தெளிந்த குளம்போல் இருந்தது. வீடு திரும்பிய அன்றே பழைய சொத்து வழக்கைப் பேசித் தம்பியிடம் குரலை உயர்த்திவிட்டேன். பத்து நாளும் வீண்தானா?" என்றார். சொல்லும்போதே அவர் கண் கலங்கிற்று.

இவ்வையம் அவர் ஒருவருடையதன்று. ஆடிப்பூர நன்னாளில் நாம் அனைவரும் சிந்திக்கத்தக்கது.

கீதையின் பதினேழாம் அத்தியாயத்தில் கண்ணன் தவத்தை உடல், வாக்கு, மனம் என மூன்றாக வகுக்கிறான். மௌனம் வாக்கின் தவம் என்றே நாம் நினைப்போம். பகவானோ அதனை மனத்தின் தவத்தில் வைத்தான். பிறரைப் புண்படுத்தாததும், உண்மையும் இனிமையும் நன்மையும் உடையதுமான பேச்சும், வேதம் ஓதுதலுமே வாக்கின் தவம் என்றான். ஆகவே வாயை மூடுதல் மௌனத்தின் வாசற்படியே, உள்வீடு மனம்.

இதனை அடியேன் பட்டறிந்தேன். பல ஆண்டுகளுக்கு முன் ஓர் ஏகாதசியன்று மௌன விரதம் ஏற்றேன். துளசி கொணரத் தாமதித்த சிறுவனைச் சிலேட்டில் எழுதிக் கடிந்தேன். அவன் எழுத்துக் கூட்டிப் படித்துத் தலை குனிந்தான். என் நா அசையவில்லை. ஆயினும் விரதம் போயிற்று.

மௌனத்தில் அமர விரும்புவோர், கேட்க வேண்டிய மன்னிப்பை முன்னமே கேட்டுவிடுக. பேசித் தீராத பகை, மௌனத்தில் உரக்கப் பேசும். அமர்ந்தபின் சைகையையும் எழுத்தையும் விடுக. எண்ணங்களோடு மல்லுக்கு நில்லாது திருமந்திரத்தை அநுஸந்திக்க. மனம் ஓடுந்தோறும் மேயப்போன கன்றைத் திருப்புவதுபோல் மெல்லத் திருப்புக. நாம் வேண்டுவது வெற்று மனமன்று. எம்பெருமான் நிறைந்த மனம்.

முடிவில்தான் பெரிய கவனம் வேண்டும். ஏகாதசி உபவாஸத்திற்குத் துவாதசிப் பாரணைபோல மௌனத்திற்கும் பாரணை உண்டு, அதுவே முதற்சொல். ஆழ்வார்திருநகரியில் புளியமரத்தடியில் நம்மாழ்வார் 16 ஆண்டுகள் பேசாது வீற்றிருந்தார் என்று குருபரம்பரை கூறும். மதுரகவிகளின் வினாவிற்கு விடையாகவே முதலில் திருவாய் மலர்ந்தார். அந்த மௌனம் உலகிற்கு அளித்த பிரஸாதங்களுள் தலையாயது 1102 பாசுரங்கள் கொண்ட திருவாய்மொழி. நம் ஆண்டாளும் நோன்பின் நியமங்களைக் கூறுமிடத்துக் கோள் சொல்லுதலை விலக்கினாள், பாடுதலை விலக்கவில்லை.

அவ்வன்பரிடம் அடியேன் கூறியது இதுவே: "பத்து நாள் வீணன்று. கோபத்தை அன்றே கண்டு வருந்தினீர்களே, அந்தக் கண்ணைத் தந்தது மௌனமே. பாரணைதான் தவறிற்று. தம்பியிடம் சென்று ஓர் இனிய சொல் சொல்லுங்கள்."

கருவறையில் ஆண்டாள், ரங்கமன்னாரோடு பெரிய திருவடியும் கைகூப்பி நிற்பதை இவ்விழாவில் கண் குளிரச் சேவியுங்கள். அம்மௌனத்தில் ஒரு கணமேனும் நின்று, இல்லம் திரும்பி இன்சொல் பேசக் கோதை நாச்சியார் அருள்புரிவாளாக!

ஆண்டாள் திருவடிகளே சரணம்.