குடி என்னும் கலிநோய்

திருஏடு வாசிப்பு தொடங்கும் நாளில் சங்கரன்கோவில் வட்டாரத்துத் தாங்கல்களில் சில முகங்கள் புதிதாகத் தெரியும். குளித்து, தலைப்பாகை கட்டி, திருநாமம் இட்டு, கடைசி வரிசையில் ஒதுங்கி உட்கார்ந்திருப்பார்கள். வருடம் முழுவதும் குடிக்கிறவர்கள், வாசிப்பு நடக்கும் நாட்களில் மட்டும் தொடமாட்டார்கள். பட்டாபிஷேகம் முடிந்த மறுநாள் பகல் 12 மணிக்குக் கடை திறக்கும்போது அங்கே நிற்பார்கள். ஊர் சிரிக்கும். "அய்யாவையே ஏமாத்துறாம்ல" என்று சொல்லும்.

அவர் ஏமாற்றவில்லை. பத்து நாள் தொடாமல் இருந்தது உண்மை. பதினோராம் நாள் முடியாமல் போனதும் உண்மை. இந்த இரண்டும் ஒரே ஆளிடம் எப்படி இருக்கின்றன என்று யோசிக்காமல், மனசு வைத்தால் விடலாம் என்று சொல்லிவிட்டுப் போவதில் யாருக்கும் பயன் இல்லை.

கலியன் வாளெடுத்து எதிரே வந்து நிற்கிறவன் அல்ல என்பது அகிலம் கேட்டவர்களுக்குத் தெரியும். அவன் மாயையாக உள்ளே புகுந்து, நம் ஆசையை நம் குரலிலேயே பேசுகிறவன். குடியும் அப்படித்தான் வருகிறது. சனிக்கிழமை கூலி வாங்கிய தறிக்காரரிடம் "குடித்துக் கெட்டுப் போ" என்று அது சொல்வதில்லை. "ராத்திரி ஷிப்டு பார்த்த உடம்பு, ஒரு கட்டிங் போட்டால் நல்லாத் தூக்கம் வரும்" என்று சொல்கிறது. அது முதல் வருடம். சில வருடம் போனபின், போட்டால்தான் தூக்கம் என்று ஆகிறது. அதற்கும் பின், காலையில் கை நடுக்கம் நிற்க வேண்டுமானால் போட வேண்டும் என்று ஆகிறது. அந்த நிலைக்கு வந்தவர் சந்தோஷத்துக்குக் குடிக்கவில்லை, நடுக்கத்துக்குப் பயந்து குடிக்கிறார்.

இதற்கு உடம்பில் ஒரு கணக்கு உண்டு. சாராயம் நரம்பை அமர்த்துகிறது. தினமும் அமர்த்த அமர்த்த, மூளை அதற்கு எதிராகத் தன்னை முடுக்கி வைத்துக்கொள்கிறது. கதவை ஒருவர் முழு பலத்தோடு தள்ளிக்கொண்டு நிற்கும்போது, அந்தப் பக்கம் இருப்பவர் சட்டென்று தாழைத் திறந்தால் என்ன ஆகும்? தள்ளியவர் குப்புற விழுவார். திடீரென்று நிறுத்தியவருக்கும் அதுதான் நடக்கிறது. சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும். ஒன்றிரண்டு நாளில் சிலருக்கு வலிப்பு. இரண்டாம் மூன்றாம் நாளில் சிலருக்குப் பிதற்றல். சுவரில் பூச்சி ஊர்கிறது, யாரோ கூப்பிடுகிறார்கள் என்பார்கள். கவனிக்காமல் விட்டால் உயிரே போகலாம். உலக சுகாதார நிறுவனம் இதை நோய்ப் பட்டியலில்தான் வைத்திருக்கிறது.

தாங்கலில் இருக்கிற நாம் கூர்ந்து கவனிக்க வேண்டியது இந்த மூன்றாம் நாளைத்தான். அய்யாவுக்குச் சத்தியம் பண்ணி, பதம் வாங்கிக் குடித்து, அன்றோடு நிறுத்தியவர் மூன்றாம் நாள் ராத்திரி எழுந்து உளறினால், பக்கத்து வீட்டார் என்ன சொல்கிறார்கள்? "பேய் அடிச்சிருக்கு, கோடாங்கிட்ட கூட்டிட்டுப் போங்க" என்கிறார்கள். அய்யா பேய்களின் வலுவை வாங்கி எரித்தார் என்று ஏட்டில் கேட்டுவிட்டு வந்த அதே வாயால் சொல்கிறார்கள்! அய்யா எரித்த பேய் சங்கரன்கோவிலில் மட்டும் மிச்சம் இருக்குமா? அது நரம்பு படும் பாடு. அந்த ராத்திரியே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். கூட்டிப் போகிறவர் எத்தனை வருடக் குடி, கடைசியாக எப்போது குடித்தார் என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். மானத்துக்குப் பயந்து "காய்ச்சல்" என்று சொல்லிவிடுகிற குடும்பங்கள் உண்டு. அந்தப் பொய்யால் வைத்தியம் தவறிப்போகும்.

வலிப்பு வராமல் தடுக்க மருந்து இருக்கிறது. குடியால் குறைந்துபோன பி1 சத்தை ஊசியாக ஏற்றுகிறார்கள். ஒன்றிரண்டு வாரத்தில் உடம்பு ஓரளவு அமரும். ஆனால் ஆசை அமர அதைவிட அதிக காலம் ஆகும். அதைச் சொல்லாமல் விட்டால், ஆஸ்பத்திரியில் இருந்து வந்தவர் மறுபடி தடுக்கும்போது குடும்பம் மனம் விட்டுப் போகும். தடுக்கி விழுந்து, எழுந்து, மறுபடி விழுந்து, அப்புறம் நின்றவர்கள்தான் அதிகம்.

"அய்யா தண்ணீரும் மண்ணும் கொடுத்தே நோய் தீர்த்தாரே, ஆஸ்பத்திரி எதற்கு? போனால் நம்பிக்கை குறைச்சல் ஆகாதா?" என்று மூத்தவர்கள் சிலர் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அய்யா செய்த துவையல் தவசை நினைத்துப் பார்த்தால் பதில் கிடைக்கும். தண்ணீரும் மண்ணும் கொடுத்த அதே அய்யா, சுமார் 700 குடும்பத்தாரை வாகைப்பதியிலும் பின்பு முட்டப்பதியிலும் கடற்கரையில் தங்க வைத்தார். வேளைக்கு வேளை குளிப்பு, துணி துவைப்பு, பச்சரிசியும் சிறுபயறும் சேர்த்த எளிய சாப்பாடு, எல்லோருக்கும் ஒரே ஒழுங்கு. "திருந்துங்கள்" என்று ஒரு வாக்குச் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை. பழைய இடத்தில் இருந்து பிரித்து, கூட்டத்தோடு கூட்டமாக வைத்து, உடம்பையும் நாளையும் ஒழுங்குக்குக் கொண்டு வந்தார். மாற்றத்துக்கு வாக்கு மட்டும் போதாது, இடமும் காலமும் துணையும் வேண்டும் என்பது அய்யா காட்டிய வழியிலேயே இருக்கிறது.

அமெரிக்காவில் 1935-ல் குடிநோயில் இருந்து மீண்ட இரண்டு பேர் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களும் இப்படித்தான். விட்டவர், விட முயல்கிறவரோடு உட்கார்ந்து பேசுகிறார். இன்று தமிழ்நாட்டிலும் நடக்கின்றன. சென்னையில் குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் அம்மையார் 1980-ல் டி.டி.ரங்கநாதன் பெயரில் ஒரு சிகிச்சை நிலையம் தொடங்கினார். அந்த நிலையத்தார் திருவாரூர் பக்கம் மஞ்சக்குடி கிராமத்திலேயே போய் முகாம் நடத்தினார்கள். ஊர் ஜனங்களே முன்நின்றார்கள். ஒரு கிராமத்தால் முடிந்தது, அன்னதர்மத்துக்கு ஆயிரம் பேருக்கு உலை வைக்கிற தாங்கலால் முடியாதா?

வீட்டுப் பெண்களுக்கு ஒரு வார்த்தை. சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுத்தால் குடியை மறப்பார் என்று பஸ்ஸில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். வாங்காதீர்கள். டைசல்பிராம் போன்ற மருந்து உடம்பில் இருக்கும்போது அவர் குடித்தால் வாந்தியும் படபடப்பும் வந்து, ரத்த அழுத்தம் இறங்கி, உயிருக்கே ஆபத்தாகும். அவர் அறிந்து, டாக்டர் எழுதிக் கொடுத்துத்தான் எதையும் சாப்பிட வேண்டும். "உன் வாய்தான் அவனைக் குடிக்க வைக்குது மயினி" என்று யாராவது சொன்னால், அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். அடி வாங்கிக்கொண்டு பொறுமையாக இருக்கச் சொல்கிறவர், அய்யா சொன்ன பொறுமையை அறியாதவர்.

பிள்ளைகளைப் பற்றிச் சொல்லத்தான் மனசு கனக்கிறது. 2018 மே மாதம் இந்த வட்டாரத்துப் பிள்ளை ஒருவன், பிளஸ் டூ எழுதி முடித்தவன், அப்பா இனிமேலாவது குடியை நிறுத்த வேண்டும் என்று கடிதம் எழுதி வைத்துவிட்டு உயிரை விட்டான். மதுக்கடைகளை மூட வேண்டும் என்று அரசையும் அதில் கேட்டிருந்தான். பேப்பரில் வந்தது; தமிழ்நாடே ஒரு வாரம் பேசியது. அந்தப் பிள்ளை போயிருக்க வேண்டியதே இல்லை. அப்பாவைத் திருத்துகிற பாரத்தை ஒரு பிள்ளை தனியாகச் சுமக்கக் கூடாது. குடிக்கிறவர் வீட்டுப் பிள்ளை தாங்கலுக்கு வந்தால், பணிவிடைக்காரர் பக்கத்தில் உட்கார வைத்து, "சாப்பிட்டியா, ராத்திரி தூங்கினியா" என்று கேட்க வேண்டும். மனசு தாங்கவில்லை என்றால் 14416 என்ற எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம், காசு இல்லை. இந்த எண்ணைத் தாங்கல் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வைக்கலாம்.

கடைகளைப் பற்றியும் கொஞ்சம். 2003-ல் இருந்து சில்லறை விற்பனையும் அரசு டாஸ்மாக் கையில் இருக்கிறது. கடை கூடாது என்று மனு கொடுப்பது நியாயம்தான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் செத்ததையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். அது கடைச்சரக்கு அல்ல, கள்ளச்சரக்கு. நோயைக் கவனிக்காமல் கடையை மட்டும் மூடினால், நோயாளி வேறு சந்தில் நுழைவார்.

பையன்களுக்கு இப்போது கடை வரை போக வேண்டிய அவசியமே இல்லை. உதட்டுக்குள் ஒதுக்கும் கூல் லிப், பொட்டலம் கஞ்சா, வலி மாத்திரை என்று பள்ளிக்கூடப் பையைத் தேடி வருகிறது. "நாமெல்லாம் பனையேறி வம்சம், நமக்கு இது சகஜம்" என்று சிரித்துக்கொண்டே சமாளிக்கிற பெரியவர்களுக்கு, பனையேறியின் வேலையே பதில் சொல்லும். பாளையில் வடிவது ஒரே நீர். கலயத்தின் உள்ளே முன்கூட்டியே சுண்ணாம்பு தடவியிருந்தால் பதநீர், தடவாவிட்டால் புளித்துக் கள். வடிந்தபின் தடவிப் பயன் இல்லை. நம் பாட்டன்மார் அந்தப் பதநீரைக் காய்ச்சித்தான் கருப்பட்டி ஆக்கினார்கள். பையன் எட்டாம் வகுப்பு படிக்கும்போதே அவனோடு உட்கார்ந்து பேச ஆள் வேண்டும். உகப்படிப்பு முடிந்து பெரியவர்கள் கலையும்போது, விடலைகளோடு அரை மணி நேரம் இருக்க ஒரு அண்ணாச்சி முன்வந்தால் போதும்.

விட வேண்டும் என்று நினைப்பவரோ வீட்டாரோ 14446 என்ற போதை மீட்பு எண்ணில் கேட்கலாம். தென்காசி அரசு ஆஸ்பத்திரியிலோ பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரியிலோ மனநலப் பிரிவு எங்கே என்று கேட்டுப் போகலாம். தனியாகப் போகக் கூச்சப்படுவார்கள், ஆகவே தாங்கலில் இருந்து இரண்டு பேர் கூடப் போக வேண்டும். பத்து நாள், பதினைந்து நாள் கழித்து அவர் திரும்பி வரும்போது கடைசி வரிசையில் விடாமல், பணிவிடைக்குத் தண்ணீர் எடுக்கவும், உம்பான் சோற்றுக்கு அரிசி களையவும் கூப்பிட வேண்டும். சாயங்காலம் ஆறு மணியில் இருந்து ஒன்பது மணி வரைதான் அவருக்குக் கஷ்டமான நேரம். அந்த மூன்று மணி நேரமும் தாங்கல் விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கிறது.

அய்யா உண்டு.