விலக்கும் விதிவிலக்கும்

தமிழ்நாட்டில் விற்கப்படும் மதுப்புட்டியின் மேல், மது கேடு விளைவிக்கும் என்னும் எச்சரிக்கை அச்சிடப்பட்டுள்ளது. அதனை விற்பதோ அரசின் நிறுவனமாகிய டாஸ்மாக். அவ்விற்பனைக்கு இடமளிக்கும் சட்டத்தின் பெயர் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937. இம்முரண்பாட்டைக் கண்டு நகைத்துவிட்டுச் செல்வது எளிது. ஆனால், நல்லதொரு கொள்கை சட்டமாக வடிவெடுக்கும்போது அதற்கு என்ன நேர்கிறது என்னும் வினா இதற்குள் அடங்கியிருக்கிறது. சேலம், நாமக்கல் சமவெளியில் வாழும் நமக்கு அவ்வினா அயலானதன்று. அச்சட்டம் முதலில் நடைமுறைக்கு வந்தது நம் மண்ணில்தான்.

திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் 1925-இல் காந்தி ஆசிரமத்தை நிறுவிய இராஜாஜி, ஏழைகளின் கூலி கள்ளுக்கடையில் கரைவதை அருகிலிருந்து கண்டவர். அங்கிருந்தே 'விமோசனம்' என்னும் மதுவிலக்கு இதழை நடத்தினார். கல்கி அவருக்குத் துணைநின்றார். மது பற்றிய அதிகாரத்தை 1935-ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் மாகாணங்களிடம் விட்டிருந்தது. 1937 ஜூலையில் சென்னை மாகாணத்தின் பிரதமரான இராஜாஜி, மதுவிலக்கு மசோதாவைக் கொண்டுவந்தார். அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு தொடங்கியது. இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களும் அன்று சேலத்துக்குள் அடங்கியிருந்தன. மாகாணம் முழுவதற்கும் ஒரே நாளில் ஆணையிடாமல், ஒரு மாவட்டத்தில் தொடங்கிப் பார்த்தது அறிவுடைமை. அறத்துக்கு விலை உண்டு என்பதையும் அவ்வரசு மறைக்கவில்லை. மதுவால் வந்த வருவாயை இழந்த அரசு, 1939-இல் பொது விற்பனை வரிச் சட்டத்தை இயற்றியது. பனையேறிகளோ அந்த விலையைத் தம் பிழைப்பாகவே செலுத்தினர்.

போர்க்காலத்தில் நிறுத்தப்பட்ட மதுவிலக்கு, 1948-இல் மாகாணம் முழுவதும் பரவியது. 1971-இல் மீண்டும் நிறுத்தம், 1974-இல் மீண்டும் விலக்கு, 1981-இல் தளர்வு, 1983-இல் டாஸ்மாக், 2003 முதல் சில்லறை விற்பனையும் அதன் கையில். இத்தனை திருப்பங்களிலும் 1937-ஆம் ஆண்டுச் சட்டம் ஏட்டிலிருந்து நீங்கவில்லை.

இது எவ்வாறு இயலும்? மதுவிலக்கை நோக்கி அரசு முயல வேண்டும் என்கிறது அரசமைப்பின் 47-ஆம் பிரிவு. அத்தகைய நெறிகளை நீதிமன்றத்தின் வழியே வலியுறுத்த இயலாது என்கிறது 37-ஆம் பிரிவு. மது மாநிலப் பட்டியலைச் சார்ந்தது. ஆகவே குஜராத்தும் பீகாரும் ஒரு விடையைத் தேர்ந்தன, தமிழ்நாடும் கேரளமும் வேறு விடைகளைத் தேர்ந்தன. மசோதா பேரவையில் விவாதிக்கப்பட்டு, வாக்கெடுப்பில் நிறைவேறி, ஆளுநரின் இசைவு பெற்று, அரசிதழில் வெளியாகிறது. இவ்வளவும் பள்ளிப் பாடநூலில் உண்டு. அதன்பின் நடப்பதே நம் வாழ்வைத் தொடுகிறது. சட்டம் விதிவிலக்குக்கு வாயில் திறக்கிறது. அவ்வாயிலின் அகலத்தை அரசு வகுக்கும் விதிகள் தீர்மானிக்கின்றன. மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் பள்ளிக்கும் வழிபாட்டிடத்துக்கும் 50 மீட்டர், பிற இடங்களில் 100 மீட்டர் தள்ளிக் கடை அமைய வேண்டும் என்பது 2003-ஆம் ஆண்டு விதி. சிற்றூரில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் தாய்க்குச் சட்டம் என்பது அந்த 100 மீட்டர்தான்.

வள்ளுவர் கள்ளுண்ணாமையைப் பொருட்பாலில் வைத்தார். குடி ஒருவனுடைய தனிக்குறையாக நின்றுவிடாமல் நாட்டு வாழ்வையும் தொடும் என்று அதிலிருந்து நாம் கொள்ளலாம். எனினும் அவர் அங்கே பேசியது சிறையை அன்று, நாணத்தை. புனித தாமஸ் அக்குவினாஸும் மனிதச் சட்டம் எல்லாத் தீமைகளையும் தடுக்க முற்படலாகாது என்றார். பிறருக்குத் தீங்கிழைக்கும் பெருந்தீமைகளையே அது தடுக்க வேண்டும். தாங்கவியலாத சுமையை ஏற்றினால் மக்கள் அதனினும் பெரிய தீமையில் விழுவர் என்பது அவர் கருத்து. கள்ளச்சாராயம் அதற்குச் சான்று. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர்; அவர்களுள் சிலர் சேலம் அரசு மருத்துவமனையில் உயிர்நீத்தனர். அம்மாதம் முடியுமுன்பே, தண்டனையை ஆயுள் சிறைவரை உயர்த்தும் திருத்தம் பேரவையில் நிறைவேறியது.

ஆயினும் ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. ஒரு தீமையைத் தண்டியாது விடுவது வேறு. அதனைக் கருவூலத்தின் தூணாக்கிக்கொள்வது வேறு. முன்னதற்கு அக்குவினாஸின் சிந்தனையில் இடமுண்டு; பின்னதற்கு அதனைத் துணைக்கழைக்க இயலாது. கள் விற்பனை 1987 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. ஆலையில் வடித்த மது அரசுக் கடையில் கிடைக்கிறது. கள் தீங்கற்றது என்று இங்கு வாதிடவில்லை. பனையும் தென்னையும் வைத்திருக்கும் கொங்கு உழவன், "ஒரே சட்டம் எனக்கு விலக்காகவும் ஆலைக்கு விதிவிலக்காகவும் நிற்பது ஏன்?" என்று கேட்டால், நம்மிடம் அறம் சார்ந்த விடை உண்டா?

ஒரு சட்டத்தின் அறத்தை அதன் பெயரைக்கொண்டு அளக்க முடியாது. அதன் விதிவிலக்கு யாருக்காக, அதன் சுமை யார் தோளில் என்பவற்றைக்கொண்டே அளக்க வேண்டும். 1937-இல் அரசு தன் வருவாயை இழந்து விலக்கைக் கொணர்ந்தது. இன்று விதிவிலக்கே வருவாயைத் தருகிறது. சட்டம் இயற்றுவோரை நாமே தேர்ந்து அனுப்புகிறோம். ஆகவே விதிகளையும் படிப்பது, கேட்பது, வேண்டுமிடத்தில் மறுப்பது நம் கடமையாகிறது. அக்கடமையிலிருந்து நமக்கு விதிவிலக்கு இல்லை.