பத்திரம் இல்லாத கரை

சிம்பாங் என்றால் மலாயில் சந்தி. மலேசியாவில் ரெங்கம் என்ற ஊருக்குச் சாலை பிரியும் இடம் சிம்பாங் ரெங்கம். சுற்றிலும் முன்பு ரப்பர், பிறகு செம்பனை, இடையிடையே அன்னாசி. பக்கத்தில் ஓடும் பெனுட் ஆறு மலாக்கா நீரிணையில் போய்ச் சேர்கிறது. இந்த ஊருக்குக் குடிநீர் அந்த ஆற்றிலிருந்துதான்.

2019இல் இங்கே குழாய்கள் அடிக்கடி நின்றுபோயின. மழை பொய்த்ததால் அல்ல. சி.இ.பி.1 என்ற குப்பைமேட்டிலிருந்து வடிந்த கழிவுநீரால் ஆற்றில் அமோனியா ஏறிவிட்டது. அமோனியா மிகுந்த நீரில் கலக்கும் குளோரினில் பெரும்பகுதியை அமோனியாவே விழுங்கிவிடும். கிருமியைக் கொல்லப் போதுமான அளவு மிச்சமிருக்காது. அதனால் சுத்திகரிப்பு ஆலையை நிறுத்துவதைத் தவிர வேறு வழியில்லை. வாசலில் வாளி, பழைய பெயின்ட் டின், குழந்தையைக் குளிப்பாட்டும் பிளாஸ்டிக் தொட்டி என்று வரிசையாக வைத்துவிட்டு மக்கள் தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தார்கள்.

ஆற்றங்கரை வளர்ச்சியால் மாறுகிறது என்றதும் கண்ணில் படுவது உயரமான கட்டடங்கள். அவை எழும் ஊர் ஒன்று, அவற்றின் குப்பை போய்ச் சேரும் ஊர் வேறொன்று. இரண்டாவது ஊரில் வளர்ச்சி முதலில் நாற்றமாகத்தான் தெரிய வரும்.

ஒரு கரையில் தலைமுறைகளாக இருந்தவர்களுக்கு, கையில் கிராண்ட் என்ற நிலப் பத்திரம் இல்லாவிட்டாலும், அந்த இடத்தின் மீது ஏதாவது உரிமை உண்டா? சட்டம் பெரும்பாலும் இல்லை என்றே சொல்லும். மலேசியாவின் 1960ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம், நிலத்தில் சட்டப்படி பாத்தியதை உள்ளவருக்கு இழப்பீடு தருகிறது. லயம் எனப்படும் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில் பிறந்து, அங்கேயே மணமுடித்து, அங்கேயே பேரன் எடுத்தவருக்கு அந்தப் பாத்தியதை கிடையாது. வீடு வேலையோடு பிணைக்கப்பட்டது. வேலை போனால் வீடும் போகும். பினாங்கில் மாடு வளர்த்து வாழ்ந்த தமிழர்களின் கம்போங் புவா பாலா என்ற குடியிருப்பு, நிலம் கைமாறிய பின் நீதிமன்றத்திலும் தோற்று, 2009 செப்டம்பரில் இடிக்கப்பட்டது. மாற்று வீடு பற்றிய பேச்சு வலுத்ததே குடியிருந்தவர்கள் தெருவில் இறங்கிய பிறகுதான்.

ஆனால் பழையது எல்லாமே காக்கத்தக்கது என்று சொல்லிவிட முடியாது. லயத்தை நினைத்து உருகுகிறவர்களில் பலர் அங்கே பொதுக் குழாயடியில் அதிகாலையில் குடத்தோடு நின்றதில்லை. அங்கே வளர்ந்த பிள்ளைகளில் அதிகம் பேர் ஆசைப்பட்டது தாமான் எனப்படும் வீடமைப்புப் பகுதியில் ஒரு வீட்டுக்குத்தான். அதில் தவறும் இல்லை. சிங்கப்பூர் 1977 முதல் 1987 வரை தன் ஆற்றைத் துப்புரவாக்கியபோது கரையோரக் குடிசைகளும் அங்காடிகளும் பட்டறைகளும் அகற்றப்பட்டன. குடியிருந்தவர்களுக்கு அடுக்குமாடி வீடு கிடைத்தது, அங்காடிக்காரர்களுக்குக் கூரையுள்ள கடை கிடைத்தது. இழப்பு அங்கேயும் உண்டு. படகுக்காரர்களின் தொழிலே இடம் மாறியது. என்றாலும் எடுத்த கை ஏதோ கொடுத்தது.

சென்னையில் நடந்தது வேறு. கூவம், அடையாறு கரைகளிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டவர்கள் பிழைப்பையும் பிள்ளைகளின் பள்ளியையும் நகரின் மறுகோடியில் விட்டுவிட்டுப் போனார்கள். வெள்ள ஆபத்து என்று சொல்லி அப்புறப்படுத்தியவர்களைப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில் குடிவைத்தார்கள்! அதே அடையாற்றின் குறுக்கே பாலம் போட்டு விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதை நீண்டிருக்கிறது. கரையில் நின்ற குடிசைக்கு ஆக்கிரமிப்பு என்று பெயர். ஆற்றின் மேலேயே கிடக்கும் ஓடுபாதை உள்கட்டமைப்பு. பெயர் வைப்பவர் யார் என்பதில்தான் பாதி அநீதி இருக்கிறது.

பலருக்கு நன்மை என்றால் சிலர் விட்டுக்கொடுக்கலாமே என்ற வாதம் எளிதில் தள்ளத்தக்கதல்ல. சாலை வேண்டும், வீடு வேண்டும், குப்பை கொட்ட ஓர் இடமும் வேண்டும். கோளாறு எங்கே என்றால், அந்தச் சிலர் ஒவ்வொரு முறையும் அதே ஆட்களாக இருப்பதில். தோட்டத்தை விற்கும்போது லயத்துக்காரர், கரையை அழகுபடுத்தும்போது குடிசைக்காரர், குப்பைமேடு அமைக்கும்போது நகரத்துக்கு வெளியே ஒரு சிற்றூர். நீண்ட காலம் இருந்துவிட்டதால் யாரும் நிலத்துக்குச் சொந்தக்காரர் ஆகிவிடுவதில்லை. ஆனால் அங்கே இருப்பவரைக் கேட்காமல் முடிவெடுக்கும் உரிமை சொந்தக்காரருக்கும் இல்லை. கேட்பது என்றால் முடிவெடுத்த பிறகு மண்டபத்தில் கூட்டம் போட்டுத் தேநீர் கொடுப்பதல்ல. வரைபடத்தில் கோடு விழும் முன்பே, வேண்டாம் என்று சொல்லவும் இடம் வைத்துக் கேட்பது. மாற்று வீட்டின் சதுர அடியோடு, அங்கிருந்து வேலைக்கும் பள்ளிக்கும் போகும் தூரமும் கணக்கில் வர வேண்டும்.

சிம்பாங் ரெங்கத்துக் குப்பைமேட்டை மூடுவதாக அரசு அறிவித்தது. அறிவிப்பு வந்ததே ஊர் வாளியோடு நின்ற பிறகு. குப்பை கொட்டுவது நின்றாலும், மண்ணுக்கு அடியில் அழுகிக்கொண்டிருப்பது பல ஆண்டுகளுக்குக் கசிந்துகொண்டேதான் இருக்கும்.