வான்முகிலும் பழைய வில்லையும்: காட்சி பற்றிய ஓர் அறவியல் வினா

அறிவு பிறக்கும் வாயில்களைக் காட்சி, கருதல், உரை என மூன்றாக வகுத்துக்கொண்டது சைவசித்தாந்த அளவையியல். தானே கண்டறிவது காட்சி. கண்டதைக்கொண்டு காணாததை உய்த்தறிவது கருதல். நம்பத்தகுந்தோர் கூற்றால் அறிவது உரை. மூன்றும் அறிவைத் தருவனவே. ஆயினும், உரையால் பெற்றதைக் காட்சியால் பெற்றதாகக் கூறுபவன், அவன் கூறும் பொருள் உண்மையாகவே இருப்பினும், பொய்யுரைத்தவனாகின்றான். இப்பழைய வேறுபாடு, எளிய கருவிகளால் வானைப் படம்பிடிப்போர் முன்னிலையில் இன்று புதியதொரு வடிவில் எழுந்து நிற்கின்றது.

நெபுலா எனப்படும் வான்முகில்கள், விண்மீன்களுக்கிடையே பரந்து கிடக்கும் வாயுவும் தூசுமாகும். இவற்றைப் படம்பிடிக்கப் பெருந்தொலைகாட்டி வேண்டும் என்பது பொதுவான எண்ணம். ஆயின், இவற்றுட் பல முழுநிலவினும் பன்மடங்கு அகன்றவை. அவை நம் கண்ணுக்குப் புலப்படாமைக்குக் காரணம் அவற்றின் சிறுமையன்று, மங்கலே. எனவே, பல ஆண்டுகளுக்கு முன் படச்சுருள் கமராக்களுக்கெனச் செய்யப்பட்ட 135 மில்லிமீற்றர் வில்லையொன்றே இப்பணிக்குப் போதும். கிழக்கு யேர்மனியின் சொனார், யப்பானின் தக்குமார், சோவியத் நாட்டின் யூப்பிற்றர் ஆகிய வில்லைகளைப் பழைய பொருட்களாக மலிவாக வாங்கி, எளியதொரு வளையத்தின் துணையுடன் இன்றைய கமராக்களிற் பொருத்துகின்றனர். இவ்வில்லைகளுட் பலவற்றின் திருகுபுரி 42 மில்லிமீற்றர் விட்டமுடையது. அதனால் அதற்கு எம்.42 என்று பெயர். திருவாதிரையும் மிருகசீரிடமும் அமைந்த ஓரியன் தொகுதியின் பெருமுகிலுக்கும் மெசியேயின் பட்டியலில் அதே பெயர் வாய்த்திருப்பது சுவையானதொரு தற்செயல்.

புவியின் சுழற்சியால் வானம் ஒரு செக்கனில் 15 வில்விகலை நகர்வதுபோல் தோன்றுகின்றது. ஆகவே, நிலையான தாங்கியில் வைத்த கமரா ஒன்றிரண்டு செக்கன்களே ஒளியைப் பெறவியலும். அதற்கு மேற்படின் விண்மீன்கள் கோடுகளாகிவிடும். அத்தகைய படங்கள் பலவற்றைக் கணினியால் ஒன்றன்மேலொன்றாக அடுக்கிச் சராசரி காண்பர். நூறு படங்களை அடுக்கும்போது, படத்திற் கலந்துள்ள தற்செயலான புள்ளிக்கலக்கம் பத்திலொன்றாகக் குறைகின்றது. பொருள் வசதியின்மையை ஈடுசெய்வது இங்கே பொறுமையே.

இதனை வசதியற்றோரின் மாற்றுவழி என்று இகழ்தல் வரலாறு அறியாமையாகும். 1857 இல் நாஷ்வில் நகரின் வறிய குடும்பமொன்றிற் பிறந்து, சிறுவயதிலேயே புகைப்பட நிலையத்தில் வேலைக்கமர்ந்தவர் எட்வேட் எமர்சன் பானாட். பின்னர் கலிபோர்ணியாவின் லிக் வானாய்வகத்தில், 36 அங்குலப் பெருந்தொலைகாட்டி இருந்தும், மனித உருவப்படம் பிடிப்பதற்கெனச் செய்யப்பட்ட பழைய 6 அங்குல வில்லையொன்றினாலேயே 1889 முதல் பால்வீதியின் சிறப்புமிக்க படங்களை அவர் எடுத்தார். ஓரியனைச் சூழ்ந்து ஏறத்தாழ 10 பாகை அகன்று கிடக்கும் பெருவளையத்தை, 1894 இல் மாயவிளக்கொன்றின் சிறு வில்லையினாற் பதிவுசெய்தார். பெருந்தொலைகாட்டியின் குறுகிய பார்வையில் அகப்படாதது சிறுவில்லையின் அகன்ற பார்வையில் அகப்பட்டது. ஒவ்வொரு கருவியின் எல்லையும் அதற்கேயுரிய காட்சியொன்றைத் தருகின்றது எனலாம்.

எனினும், பழைய வில்லையின் குறைகள் பல. ஒளிமிக்க விண்மீன்களைச் சுற்றி நீலவளையம் படர்கின்றது. படத்தின் ஓரங்களில் விண்மீன்கள் சிறகு முளைத்தாற்போல் நீள்கின்றன. குற்றமற்ற காட்சி ஐயமும் திரிபும் நீங்கியதாதல் வேண்டும் என்பர் அளவை நூலார். தூணோ மனிதனோ எனத் தடுமாறுவது ஐயம். கயிற்றைப் பாம்பெனத் துணிவது திரிபு. படத்தின் புள்ளிக்கலக்கம் ஐயத்தை ஒத்தது. வில்லையின் குறை திரிபை ஒத்தது. இவற்றை நீக்க முயல்வது நேர்மையே. வில்லையின் துளையைச் சுருக்கலாம். மூடியிட்டு எடுத்த இருட்படத்தைக் கழித்துக் கருவியின் சொந்தக் கறையை அகற்றலாம். நிறத்தைப் பற்றிய ஐயப்பாடும் இவ்வாறே தீரும். முகிலின் ஐதரசன் 656.3 நனோமீற்றரிற் செவ்வொளி வீசுகின்றது. மங்கலொளியில் நம் கண் நிறமறியாது. கண் காணாத செம்மையைப் படம் காட்டுவது பொய்யன்று. வந்த ஒளியையே அது காட்டுகின்றது.

அவ்வாறாயின், எல்லைக்கோடு எங்கே உள்ளது? வந்த ஒளியைத் திரட்டுவதும் கருவி சேர்த்ததைக் கழிப்பதும் ஒருபுறம். வராத ஒளியைச் சேர்ப்பது மறுபுறம். பிறர் எடுத்த எண்ணற்ற படங்களாற் பயிற்றப்பட்ட கணினி நிரல்கள் சில இன்று, மங்கலான படத்தில் இருந்திருக்கக்கூடிய நுணுக்கங்களைத் தாமே வரைந்து நிரப்புகின்றன. இதன் பயனாய், சிறுவில்லைப் படமும் பெருந்தொலைகாட்டிப் படம்போல் மிளிர்கின்றது. இங்கே உரை காட்சியின் ஆடையை உடுத்து வருகின்றது.

சேர்க்கப்பட்ட நுணுக்கம் உண்மையிலேயே வானில் இருக்குமாயின், அதனால் விளையும் தீங்கு யாது என ஒருவர் வினவக்கூடும். அழகை நாடுவோர்க்கு அழகே போதுமன்றோ எனவும் கேட்கலாம். இவ்வினா எளிதிற் புறந்தள்ளத்தக்கதன்று. அழகுக்கெனத் தீட்டிய ஓவியம், தன்னை ஓவியம் என்றே கூறுமாயின் குற்றமுடையதன்று. ஆனால் ஒளிப்படம் சாட்சியாக நிற்பது. பிறர் சொல்லக் கேட்டதைத் தான் கண்டதாகக் கூறும் சாட்சி, உண்மையையே கூறினும் மன்றில் ஏற்கப்படுவதில்லை. இரு சாட்சிகள் உடன்படும்போது நமக்குப் பிறக்கும் நம்பிக்கை, அவர்கள் தனித்தனியே கண்டனர் என்பதில் தங்கியுள்ளது.

மற்றொரு தீங்கு இதனினும் ஆழமானது. 1888 இல் ஹாவாட் வானாய்வகத்தின் கண்ணாடித் தகடொன்றை ஆராய்ந்த வில்லியமினா பிளெமிங், ஓரியனின் கச்சையருகே ஒளிமுகிலொன்றின் விளிம்பிற் சிறியதோர் இருட்பள்ளத்தைக் கண்டு குறித்துவைத்தார். குதிரைத்தலை முகில் என இன்று உலகறிந்தது அதுவே. அவ்விருளைத் தகட்டின் பழுதெனக் கருதி எவரேனும் 'திருத்தி'யிருப்பின், அக்கண்டுபிடிப்பு அன்று நிகழ்ந்திராது. நம் காலத்திலும், அன்ட்ரொமீடா பேரடையின் அருகே ஒட்சிசன் ஒளியில் தோன்றும் பெருவில்லொன்றைத் தொழில்முறை சாராத வானியலார் கண்டு 2023 இல் அறிவித்தனர். எண்ணற்றோர் படம்பிடித்த அப்பகுதியில் அது அதுவரை எவர்க்கும் புலப்படவில்லை. வேறிடங்களிலுள்ள வேறு கருவிகளாலும் எடுத்து உறுதிசெய்த பின்னரே அவர்கள் அதனை வெளியிட்டனர். தெரிந்தவற்றாற் பயின்ற நிரல், தெரிந்தவற்றையே மீண்டும் வரையும்; தெரியாததைக் கலக்கமெனத் துடைத்துவிடவும் கூடும்.

ஆகவே, கருவியின் வறுமை குற்றமன்று. அவ்வறுமையை மறைப்பதே குற்றம். ஓரங்கள் திரிந்த, சற்றே மங்கிய படமாயினும், அதில் ஏறத்தாழ 1,350 ஒளியாண்டுகளைக் கடந்து ஓரியனிலிருந்து வந்த ஒளி உண்மையாகவே விழுந்துள்ளது. அதனை எடுத்தவன் ‘இவ்வளவே நான் கண்டது’ எனக் கூறும்போது, பிறர் அறிவு வந்து சேர்வதற்கு ஓரிடத்தை விட்டுவைக்கின்றான். வானியலுக்கு மட்டுமன்றி, ஆய்வுரை எழுதுவோர்க்கும் மேற்கோள் காட்டுவோர்க்கும் இவ்வொழுக்கம் பொதுவானதாகும்.